தோலும் நரம்பும் கோரோசனையும்

சிவாலயங்களில் பெருந்திருவிழா நிகழுங்கால் ஆனைந்தின் சிறப்பைப் பேசாத சொற்பொழிவாளர் இலர். பால், தயிர், நெய், நீர், சாணம் என்னும் ஐந்தும் இறைவன் திருமுழுக்கிற்கு உரியன. அச்சாணத்தை உருட்டி உலர்த்தி நீற்றியெடுத்த வெண்ணீறே நம் நெற்றியில் விளங்குவது. அந்நெய்யே கருவறையில் விளக்காய் எரிவது. இவையெல்லாம் அன்பர்கள் நன்கறிந்தவை. ஆயின், ஈண்டு ஒன்று நோக்குதற்குரியது. இவ்வைந்தும் உயிரோடிருக்கும் பசு தருவன. உயிர் நீங்கிய பின்னரும் அப்பசு திருக்கோயிலுக்குத் தருவன சில உள. அவற்றை மேடைகளில் எடுத்து மொழிவார் அரியர். தெய்வச் சேக்கிழாரோ அவற்றைக் கூசாது பெயர் சொல்லிப் பாடியருளினார். அவர் காட்டிய வழியே யாமும் இன்று அப்பொருள்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் உயிருள்ள பசு தரும் பொருள்களைச் சுருங்கக் கூறிச் செல்லுதும். திருநீற்றைக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என நான்காகப் பகுப்பர் நம் ஆசிரியர். அவற்றுள் முதலாவதாகிய கற்பம், கன்றோடு கூடிய நல்ல பசுவின் சாணம் நிலத்தில் விழுமுன் ஏந்தி விதிப்படி நீற்றப்படுவது. நெய்க்கோ கல்வெட்டே சான்று. தஞ்சை இராசராசேச்சரத்தில் நொந்தா விளக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளத்தற்பொருட்டு இராசராசப் பெருவேந்தன் கால்நடைகளை வைத்த செய்தியை அக்கோயிற் கல்வெட்டுகள் விரிவாகக் கூறுகின்றன. ஒரு விளக்குக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 என்பது கணக்கு. இரண்டு ஆடு ஒரு பசுவுக்கும், மூன்று பசு ஓர் எருமைக்கும் நேர் என்று பாற்பயன் நோக்கி வகுத்த திட்டம் இது. ஓர் ஆடு இறப்பினும் அதன் கன்று அவ்விடத்தை நிரப்பும் ஆதலின் இத்தகைய மந்தையைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அக்காலத்தார் வழங்கினர். மந்தைதான் சாவாதது. மந்தையிலுள்ள விலங்கு ஒவ்வொன்றும் என்றேனும் ஒரு நாள் இறந்தே தீரும். இறந்த அதனை யார் எடுத்துச் சென்றனர், அதன் தோல் என்னாயிற்று என்பதைப் பற்றி விளக்குக் கல்வெட்டு ஒன்றும் பேசாது.

தோல் என்னாயிற்று என்பதற்கு முழவுகளே விடை. இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பிரித்தவர் தமிழர். அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்பெறுவது தோற்கருவி. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் எனத் தொடங்கி முப்பதளவில் தோற்கருவிகளை அடுக்குவர். அவருக்கு முன்னரே புறநானூற்று 288-ஆம் பாட்டில் ஒரு முரசம் வருகின்றது. இரண்டு ஏறுகளைப் போர் செய்யவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமல் போர்த்த முரசம் அது. அம்முரசத்துக்கு நீராட்டும் பூவும் பலியும் உண்டு. அதனை வைக்கத் தனிக் கட்டிலும் உண்டு. அக்கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனார் என்னும் புலவருக்குச் சேரமான் தகடூரெறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற செய்தி எல்லோரும் கேட்டதே. எருத்தின் தோலுக்கு அரசர் இத்துணை வழிபாடு செய்தனர். அதே நூலின் 335-ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கல்லது குடியும் இல்லை என்று கூறுகின்றது. தோலைக் கட்டியவரும் முழக்கியவரும் அன்று இழிந்தோராக எண்ணப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

முழவுக்குத் தோல் அமைக்கும் முறையைச் சிறிது அறிதல் நன்று. செருப்புக்கும் வாளுறைக்கும் ஆகும் தோலை ஆவிரம்பட்டை, கடுக்காய் முதலிய துவர்ப்பொருள்களில் ஊறவைத்துப் பதனிடுவர். அவ்வாறு பதனிட்ட தோல் மெத்தெனக் கிடக்கும், அதிராது. முழவின் முகத்துக்கு ஆவது பதனிடாத தோலே. ஊறவைத்து மயிர் களைந்து, ஊனும் கொழுப்பும் சுரண்டி, நாற்புறமும் முளையடித்து இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்துவர். இன்று நாம் கேட்கும் மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே ஆட்டுத்தோலும், அதன் உள்ளும் புறமும் வட்டமாகப் பசுத்தோலும் அமைந்துள்ளன. இடந்தலையில் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேரும். இருதலையையும் பிணிக்கும் வார் எருமைத்தோலினது. வலந்தலையின் நடுவே கரிய கண்ணாக அமைவது கிட்டக்கல்லின் தூளும் சோறும் பிசைந்து இட்ட கரணை. சோறும் தோலும் சேர்ந்த ஒன்றைச் சந்நிதியில் வைத்து முழக்குகின்றோம். திருவாரூர்த் தியாகேசர் திருமுன்னர் உள்ள ஐம்முக முழவத்தின் உடல் வெண்கலமே. ஒலி பிறப்பது தோல் போர்த்த முகங்களிலேயாம்.

இனிச் சேக்கிழார் வாக்குக்கு வருவாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநபாயன் எனப்பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தே பெரியபுராணம் அருளிய அப்பெருமான், திருநாளைப்போவார் வரலாற்றை முப்பதுக்கு மேற்பட்ட பாடல்களிற் பாடினார். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் மட்டுமே வரும். நம்பியாண்டார் நம்பிகள் ஒரு பாட்டில் ஊரும் குலமும் தில்லையிற் பெற்ற பேறும் குறித்து நிறுத்தினார். அவர் செய்த தொண்டு இன்னது என்று விரித்துரைத்தவர் சேக்கிழாரே.

மேற்காநாட்டு ஆதனூர், கொள்ளிடக் கரை. ஊரின் வளம் பாடிய கவிஞர் அவ்வளத்தோடு நின்றாரில்லை. ஊர்ப்புறத்துப் புலைப்பாடிக்குள்ளும் நம்மை அழைத்துச் செல்கின்றார். அங்கே மருதமர நிழலில் தோலை விரித்து அதன்மேல் மகவை உறங்கவைக்கின்றாள் ஓர் உழத்தி. வஞ்சிமர நிழலில் புதைத்த மிடாவுக்குள் கோழி அடைகிடக்கின்றது. மாமரக் கிளைகளில் வாரிட்டு இறுக்கிய பறைகள் தொங்குகின்றன. குற்றம் சொல்லும் கண்ணோடு பார்த்தவர் இவ்வாறு பாடியிருக்க முடியாது என்பது எம் துணிபு. சோழர் அவையில் அமைச்சராய் இருந்த ஒருவர் அச்சேரியின் தோலையும் பறையையும் இத்துணை நுட்பமாக எங்கே கண்டார் என்று யாம் வியப்பதுண்டு.

அப்பாடியில் நந்தனார்க்குப் பறைத்துடவை என்னும் உரிமை நிலம் இருந்தது. ஊருக்குப் பறையறையும் தொழிலுக்காக ஊரார் விட்ட நிலம் அது. உணவுக்கு அந்நிலம் போதும் ஆதலின் தம் தொழிலை அவர் சிவபெருமானுக்கே ஆக்கினார். கோயில்தோறும் அவர் தந்தவற்றைச் சேக்கிழார் மூன்றாக வகுத்தார். பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் ஒன்று. வீணைக்கும் யாழுக்கும் தந்திரி மற்றொன்று. அருச்சனைக்குக் கோரோசனை மூன்றாவது.

போர்வைத்தோலும் வாரும் இன்னவென மேலே கண்டோம். தந்திரி என்பது யாது? தோல்தொழிலார் தருவது ஆதலின் விலங்கின் குடரையும் நரம்பையும் தூய்மை செய்து முறுக்கி உலர்த்திய இழை என்பது வெளிப்படை. யாழின் தந்தியை ‘நரம்பு’ என்றே தமிழ் வழங்குவதும் இதனாற்றான். ஐயம் கொள்வார்க்குப் பெரியபுராணத்திலேயே மற்றொரு சான்று உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருவாலவாயில் இறைவன் திருமுன் தரையில் அமர்ந்து யாழ் வாசித்தார். தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளரும். பலகை இடுக என்று இறைவனே அருளினான். பொற்பலகை இட்டனர். ஈரத்தால் தளர்வது விலங்கின் நரம்பே. இரும்புக்கம்பிக்கும் பித்தளைக்கம்பிக்கும் அவ்விடர் இல்லை. ஆகவே ஆலவாயில் முழங்கிய யாழிசை, இறந்ததொரு விலங்கின் குடரிழையில் எழுந்தது. அதன் தன்மையை நுணுக்கமாக அறிந்து பலகை இடச்சொன்னவன் சொக்கலிங்கப் பெருமானே. அப்பாணரும் கோயிற்புறத்தே நிற்கும் குலத்தவராகவே கருதப்பட்டார். திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது என்பதும் அப்புராணமே கூறுவது.

மூன்றாவதாகிய கோரோசனையை நம் சொற்பொழிவாளர் பலர் சந்தனம், குங்குமப்பூ ஆகியவற்றோடு சேர்த்து ஒரு மணப்பொருளாகச் சொல்லிச் சென்றுவிடுவர். அது மலரிலோ மரத்திலோ கிடைப்பதன்று. மாட்டின் பித்தப்பையுள் பித்தநீர் இறுகிப் படிந்து உண்டாகும் கல் அது. மஞ்சளும் செம்மையும் கலந்த நிறமுடையது. உடைத்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காய்த் தோன்றும். எல்லா மாட்டிலும் அது விளைவதில்லை. விளைந்ததா இல்லையா என்பது மாட்டின் உடலைத் திறந்தபின்னரே தெரியும். திறப்பவர் யார்? இறந்த மாட்டைத் தோளிற் சுமந்து செல்பவரே. அக்கல்லை அவர் எடுத்து வைத்தாலன்றிப் பொட்டிடுவதற்கும் திருமேனியிற் சாத்துவதற்கும் கோரோசனை வருமாறில்லை. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துப் புகட்டிய கோரோசனை மாத்திரையும் அவ்வழி வந்ததே. சீன நாட்டு மருத்துவர் இதனைப் பெரிதும் போற்றுதலின் இக்காலத்தில் நல்ல கோரோசனை எடைக்கு எடை பொன்னினும் விலை மிகுந்துள்ளது.

ஈண்டு யாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நந்தனார் தந்த தோல் கோயிலினுள் சென்றது. வார் சென்றது. தந்திரி சென்றது. கோரோசனையோ கருவறைக்குள்ளேயே சென்று இறைவன் திருமேனியில் ஏறிற்று. அவற்றுக்கு எரி வேண்டப்படவில்லை. அவற்றைத் தந்தவரே வாயிலுக்குப் புறத்தே நின்று ஆடினார், பாடினார். தில்லையில் எரிபுக்கு எழுந்த பின்னரே உள்ளே சென்றார். தில்லைவாழந்தணரும் கைகூப்பத் தம் அன்பரின் தூய்மையைக் காட்டவே கூத்தப்பெருமான் எரியைப் பணித்தருளினான் என்று எம் ஆசிரியர் எமக்குப் பாடஞ்சொன்னார். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், தூய்மை காட்ட வேண்டியிருந்தது நந்தனார்க்கா, அவர் தோலை வாங்கிக்கொண்டு அவரைப் புறத்தே நிறுத்தியவர்க்கா என்று கேட்கும் இளைஞர்க்கு, ‘அபசாரம்’ என்று சொல்லி வாயடைப்பது விடையாகாது. திருப்புன்கூரில் நந்தியெம்பெருமான் விலகி வழிவிட்டார். மாட்டின் தோல்கொண்டு தொண்டு செய்தவர்க்கு முதலில் வழிவிட்டது அவ்விடையே என்பதையும் அன்பர்கள் நினைத்தல் தகும்.

வேந்தர் காலத்து நிலை யாதாயிருந்தது? நெய்க்கு மாடு வைத்த அதே இராசராசன் அதே கோயிலுக்கு ஊர்களை விட்டபோது, இறையிலி நிலங்களை வகைப்படுத்திய கல்வெட்டில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு ‘பறைச்சேரி’ தனியே பிரித்து எழுதப்பெற்றது. திருப்பதியம் விண்ணப்பஞ்செய்வார் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக ஐம்பதின்மர்க்கு நாள்தோறும் நெல் முக்குறுணி அளந்தமை அக்கோயிற் சுவரில் உண்டு. அவ்வுடுக்கைக்கும் மத்தளத்துக்கும் தோல் எச்சேரியினின்று வந்ததோ, அச்சேரியார் கோயிலுள் வந்தாரில்லை.

சேக்கிழார் பாடிய இத்தோற்றொண்டு நாளடைவில் மக்கள் நினைவினின்றும் மறைந்தது. அதற்கு ஒரு பெருங்காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. கேட்டோர் நெஞ்சை உருக்கும் அரிய இசைநூல் அது. அதனை யாம் குறைகூற வரவில்லை. ஆயின், அதில் நந்தனார் வேதியர் ஒருவரின் பண்ணையாளாக வருகின்றார். நாற்பது வேலி நிலம் ஓரிரவில் விளைகின்றது. சேக்கிழாரிடத்தில் அவ்வேதியரும் இல்லை, அந்நிலமும் இல்லை. கதாகாலட்சேபத்திலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் பரவியது பாரதியார் கதையே. ஆண்டையின் வயல் கதைக்குள் வந்தது. தோலும் தந்திரியும் கோரோசனையும் கதையைவிட்டுப் போயின. பிறர்க்கு அடிமைப்படாது, தமக்குரிய நிலத்தில் உண்டு, தம் கைத்தொழிலை இறைவனுக்கு ஆக்கிய ஒருவர், இரங்கத்தக்க கூலியாளாக மாறிப்போனார்.

கோயிலுக்குப் புறம்பேயும் இறந்த மாட்டின் பயன் நம் வாழ்வெங்கும் பரந்து கிடந்தது. கமலையிறைக்கும் சாலின் அடியில் தைத்த தோல்வாலின்றி மேட்டுநிலக் கிணறுகளில் நீர் ஏறியதில்லை; மின்விசை இயந்திரங்கள் பரவிய பின்னரே அது மறைந்தது. தச்சர் மரத்தை ஒட்டுதற்குக் காய்ச்சும் வச்சிரம், தோலும் குளம்பும் காய்ச்சியெடுத்த பசை. எலும்புத்தூள் வயலுக்கு உரம். ஆவிரம்பட்டையிற் பதனிட்ட தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையினின்றும் இலண்டனுக்குக் கப்பலேறியது. அத்தொழிலின் வளர்ச்சிக்கென 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்றது. மருந்துக் குளிகையின் உறையும் பெரும்பாலும் தோல், எலும்பு ஆகியவற்றினின்றும் வடிப்பதே. நீரிழிவுடைய அன்பர்கள் இதனையும் அறிக: 1921-இல் கனடா நாட்டு டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தபின், அறுபது ஆண்டளவும் உலகோர் இட்டுக்கொண்ட இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்தினின்றும் எடுத்ததே. அணுவுயிர்களைக்கொண்டு ஆக்கும் இன்சுலினுக்கு 1982-இல்தான் இசைவு கிடைத்தது.

பொருள்கள் எவ்விடத்தும் புகுந்தன. தந்தவர் புகுதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன. தில்லையில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயராற் கல்விக் கழகம் கண்டு, தம் மக்கட்குத் தமிழும் சைவமும் ஊட்டினார். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அழைத்துக்கொண்டு உட்சென்றார். 1947-இல் சென்னை மாகாணமெங்கும் ஆலயப் பிரவேசம் சட்டமாயிற்று. இதே காலத்தில், இறந்த மாடு சுமப்பதும் சாவுக்குப் பறையறைவதும் இனி எங்கள் கடமையல்ல என்று ஊர்தோறும் பலர் மறுத்தெழுந்தனர். அது நேரிதே. நந்தனார் விரும்பிச் செய்தது தொண்டு. ஊரார் அடித்துச் செய்வித்தது தொண்டாகாது. தொழிலைச் செய்தால் தீண்டோம், செய்யாவிடில் அடிப்போம் என்பதற்குச் சேக்கிழார் வாக்கில் இடமே இல்லை. இக்கொடுமை பழங்கதையுமன்று. 2016-ஆம் ஆண்டு ஜூலையில் குஜராத் மாநிலத்து ஊனாவில், இறந்த பசுவின் தோலை உரித்த குற்றத்துக்காக இளைஞர் நால்வரைக் கட்டிவைத்து அடித்தனர். பசுவைக் காக்கின்றோம் என்பதே அடித்தவர் கூற்று.

மற்றோர் உண்மையையும் மறைத்தல் தகாது. இற்றைநாள் மிருதங்கத்துக்கு ஆகும் பசுத்தோல் பெரிதும் இறைச்சிக்கூடங்களினின்றும் வருவது. தானே இறந்துபட்ட மாட்டின் தோலைவிட அதுவே முழவுக்கு ஏற்றது என்பர் செய்வோர். டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோர் வரலாற்றை நூலாக்கி 2020-இல் வெளியிட்டபோது இதனை வெளிப்பட எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு முன்னர் இசைந்த மன்றம் ஒன்று அவ்விசைவைத் திரும்பப் பெற்றது. நூலில் வரும் கைவினைஞருட் பலர் தஞ்சைப் பகுதியினர். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து கிறித்தவம் தழுவியோர். பாலக்காடு மணி ஐயர் போன்ற பெரும் வித்துவான்களின் நாதத்துக்குப் பின்னே அவர்தம் விரல்கள் இருந்தன. கேட்பதற்கு இடர்தரும் செய்தி என்பதனால் நாம் காதைப் பொத்திக்கொள்ளலாம்; முழவின் ஒலியை மட்டும் பொத்தாது கேட்போம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இப்பொழுது வீணைக்கு எஃகும் பித்தளையும் தந்தியாயின. நாட்டு மருந்துக்கடைகளில் கோரோசனை என்று விற்பதிற் பல செயற்கைக் கலவை. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் செயற்கை இழையாலான முகங்கள் வந்துள்ளன. முழவிசைப்பார் இல்லாத சிறு கோயில்களில் தீபாராதனைக்கு மின்விசையால் முரசும் சேகண்டியும் மணியும் தாமே அடிக்கும் இயந்திரம் நிறுவியுள்ளனர். அடி தவறாது, ஆயின், அபிடேகத்துக்கும் தீபத்துக்கும் திருவீதியுலாவுக்கும் ஒரே அடிதான். தோல்முகமுடைய முழவங்கள் இன்னும் ஒழிந்தில. மார்கழியின் ஈரத்தில் அவற்றின் கட்டுத் தளர்கின்றது. பங்குனி வெயிலில் இறுகுகின்றது. ஆதலின் திருவிழாவுக்கு நாள் குறித்தவுடனே முழவிசைப்போர் தம் கருவியைத் தோல்தொழிலாளி வீட்டு வாயிலுக்கு எடுத்துச் சென்று, பழைய மூட்டைக் கழற்றிப் புதிய மூட்டு இட்டு, வார் இறுக்கித் தரும்வரை திண்ணையிற் காத்திருக்கின்றனர்.